வலது கொட்டிலில் மஞ்சள் கறை

இறந்துபோன அப்பா இன்று காலையிலும் வந்து தீவனம் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

வலது கொட்டிலின் வாயிலிலேயே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. பூண்டு, ஓமம், மஞ்சள், காய்ந்த மாதுளைத்தோல் ஆகியவை கலந்த அந்த நெடி, இருக்கவே கூடாத இடத்தில் இருந்தது. தொட்டியின் விளிம்பெங்கும் ஈரப்பொடி விரலால் அப்பப்பட்டிருந்தது. தாயைப் பிரிந்த குட்டி தின்னக் கற்பதற்குமுன் நக்கத்தான் செய்யும் என்று அப்பா அப்படித்தான் அப்புவார்.

அவர் கண்மூடி இரண்டு மாதம் ஆகிறது.

பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் வராமல் இந்தப் பொடி தடுக்கும் என்று இருபது ஆண்டுகள் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினார் அப்பா. 'கஷாயக்காரர்' என்ற பட்டப்பெயர்தான் மிச்சம். அந்தப் பெயரைச் சூட்டியவரே இந்தப் பண்ணைக்காரர்தான்.

"ஊசிக்கே அடங்காத கழிச்சல், சமையல்கட்டுச் சாமானுக்கு அடங்குமா?" என்று கேட்டுச் சிரித்தவர், மகள் வந்து மன்றாடியபின் ஒரு சோதனைக்கு இணங்கினார்.

இடது கொட்டிலில் பன்னிரண்டு குட்டிகளுக்குப் பொடி. வலது கொட்டிலில் பன்னிரண்டு குட்டிகளுக்கு வெறுந்தீவனம். பதினான்காம் நாள் வித்தியாசம் தெரிந்தால் பண்ணை முழுவதற்கும் பொடி. தெரியாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அப்பாவின் பேச்சையே இனி எடுக்கக்கூடாது.

ஒரு மனிதர் சொன்னது மெய் என்று காட்ட, ஒரு பாவமும் அறியாத பன்னிரண்டு உயிர்கள் வாட வேண்டுமாம். இப்படியொரு நியாயத்தை எவன் வகுத்தானோ!

இரண்டாம் நாள் வலது கொட்டிலில் ஐந்து குட்டிகள் கழிந்தன. மூன்றாம் நாள் ஒன்று எழுந்து நிற்கவும் மாட்டாமல் கிடந்தது. நான்காம் நாள் காலையில் தொட்டி விளிம்பில் அந்த மஞ்சள் கறை தோன்றியது. ஏழாம் நாள் பன்னிரண்டும் துள்ளின.

தீவனம் வைப்பது அவள் ஒருத்தியின் பொறுப்பு. பண்ணைக்காரர் தூர நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. அவரிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. செத்தவர் வந்து சோதனையைக் கெடுக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்?

எட்டாம் நாள் அவரே அவளை மடக்கினார். "உங்கப்பா பொடிய என்னத்தப் போட்டும்மா அரைச்சாரு? எத்தனை தடவ சோப்பு போட்டாலும் வாடை போவ மாட்டேங்குது!"

"வாடைதாங்கய்யா மருந்து."

"ஆமா, பன்னிக்கு அத்தர் பூசற குடும்பம்!"

அவள் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

பத்தாம் நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. ஆளில்லாத வலது கொட்டிலின் நடுவே நின்று மெல்லச் சொன்னாள்: "வேண்டாம்பா. இதுங்களுக்குப் போடாதீங்க. தோக்கப் போறது நீங்கதான்."

குட்டியொன்று மஞ்சள் அப்பிய மூக்கை உயர்த்தி, அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் கறை இன்னும் தடிமனாக இருந்தது.

பதினான்காம் நாள் பண்ணைக்காரர் இரண்டு கொட்டில்களுக்கும் நடுவில் நின்றார். இடப்பக்கம் பன்னிரண்டு, வலப்பக்கமும் பன்னிரண்டு. எங்கும் உலர்ந்த தரை, சுருண்ட வால்கள்.

"என்ன கஷாயக்காரர் பொண்ணே, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான ஓடுதுங்க?"

"ஆமாங்கய்யா."

"அப்போ?"

"அப்பா தோத்துட்டாருங்க."

சொன்ன மாத்திரத்தில், யாரோ தன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டதுபோல் அவள் உடல் குளிர்ந்தது. தீவன அறைக்குள் போனாள். எஞ்சிய பொடி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்தாள்.

பண்ணைக்காரர் வழியை மறித்து நின்றிருந்தார். அந்தப் பழைய சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

"மூட்டைய இறக்கும்மா," என்றார் தரையைப் பார்த்தபடி. "நாளைக்கு வலது கொட்டிலுக்கு நான் எதைப் போடுவேன்?"