இடது காது

மட்டையோடு நின்ற இவள் பி.டி. மாஸ்டரைப் பார்த்தாள்.

மாஸ்டர் இடது காதைத் தொட்டார்.

அதற்கு ஒரே அர்த்தம்தான். மட்டையை வீசாதே. முன்னால் நீட்டு. பந்து பட்டு மூன்றடி உருண்டால் போதும். அவர்கள் ஓடி வந்து பொறுக்கி உன்னை அவுட்டாக்கட்டும். அதற்குள் மூன்றாவது பேஸில் நிற்கிற பூங்கொடி நீ நிற்கிற இடத்துக்கு ஓடி வந்து சேர்ந்துவிடுவாள், ஒரு ரன்.

இரண்டுக்கு இரண்டு. கடைசிச் சுற்று. பூங்கொடி வந்தால் கோப்பை.

இவள் அவுட். வழக்கம்போல.

பேஸ்பால் என்றால் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. பள்ளி மைதானத்துக்கு எதிர்வீடு என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும். இந்த ஒன்பது பெண்களில் பெரிய ஆட்டக்காரி என்று ஒருத்தியும் கிடையாது. ஒருத்தி நன்றாக ஓடுவாள், எறிந்தால் பந்து பாதி வழியில் படுத்துக்கொள்ளும். ஒருத்தி வந்த பந்தை விடமாட்டாள், ஓடச் சொன்னால் மூச்சு வாங்கும். இவள் அவுட்டாவாள்.

அதை இவளைப் போல இன்னொருத்தி செய்துவிட முடியாது.

இரண்டு வருஷமாக ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இவள் அம்மா ருக்குமணிக்கு மட்டும் இது மண்டையில் ஏறுவதே இல்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கம்பி வேலியோரம் வந்து நின்று கேட்பாள்.

“ஏம்புள்ள, இன்னிக்கும் அவுட்டா?”

இன்றைக்கு வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். வெளியூர்க் கல்லூரிக்காரர். வருஷத்துக்கு ஒரு முறைதான் வருவார். ஒரே ஒரு பெயரைத்தான் எழுதிக்கொள்வார். எழுதினால் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம்.

எழுதாவிட்டால் பனியன் கம்பெனி வேன். ருக்குமணி சூப்பர்வைசரிடம் பேசி வைத்தாகிவிட்டது. அவளாகத்தான் சொன்னாள். நான் ரொம்பவெல்லாம் துருவவில்லை.

நாற்காலிக்காரர் அதுவரை ஒரே ஒரு தடவைதான் எழுந்து நின்றார். எதிரணி ஷெரின் அடித்த பந்து வேலியைத் தாண்டி, என் வாசலில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயின் மேல் விழுந்தபோது.

இவளுக்கும் அடிக்கத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை. மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரே ஒரு பந்து. வாசலைத் தாண்டி, என் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் போய் விழுந்தது. பந்து கேட்டு மாடியேறி வந்தவள் கிசுகிசுத்தாள்.

“யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா. மாஸ்டர் திட்டுவாரு.”

நான் நாலு பேரிடம்தான் சொன்னேன்.

அந்த நாலு பேரில் மாஸ்டர் இல்லை. நாற்காலிக்காரரும் இல்லை.

பந்து வந்தது.

மட்டை பின்னால் போனது. தோள் திரும்பியது. நாற்காலிக்காரர் முன்னால் சாய்ந்தார். நான் என் மாடியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

மட்டை முன்னால் வந்து, நின்றது.

டொக்.

மூன்றடி.

பூங்கொடி புழுதியோடு புழுதியாக வந்து விழுந்தாள். விசில், கூச்சல், கோப்பை. இவள் முதல் பேஸுக்கு இரண்டடி முன்னால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

நாற்காலிக்காரர் நோட்டோடு வந்தார்.

“உங்கள்ல பெஸ்ட் பிளேயர் யாரும்மா?”

மாஸ்டர் இரண்டு வருஷமாகப் பழக்கி வைத்திருந்தார். யாரால் ஜெயித்தீர்கள் என்று எவர் கேட்டாலும் தன்னைக் காட்டக் கூடாது. அடுத்தவளைக் காட்ட வேண்டும்.

ஒன்பது கைகள் நீண்டன.

ஒன்பது பக்கம்.

இவள் பூங்கொடியைக் காட்டினாள். பூங்கொடி வேறு யாரையோ. எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொருத்தியையும் காட்டியது ஒரே ஒரு விரல். குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் மனிதர். முகம் சுருங்கிப்போனது.

மாஸ்டர் ஓடி வந்தார். “சார், அது வந்துங்க...”

வந்து? என்னவென்று சொல்வார்? ஸ்கோர் தாளில் இவள் பெயருக்கு நேராக அவுட், அவுட், அவுட் என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நாற்காலிக்காரர் கிளம்பினார். கேட்டருகே மறித்து நான்தான் கேட்டேன். யாராவது கேட்க வேண்டாமா? நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

ஷெரின்.

தோற்ற அணி.

செவ்வாய்க்கிழமைப் பந்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது.

திரும்பினால், வேலியோரம் ருக்குமணி.

“ஏம்புள்ள, இன்னிக்கும் அவுட்டா?”

“ஆமாம்மா.”

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வேன் வந்தது. கோலம் போடுகிற சாக்கில் நான் வாசலில் இருந்தேன். இவள் முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பின்னாலேயே அணியில் இன்னும் நாலு பேர். கடைசியாக ஓடி வந்து தொற்றினாள் பூங்கொடி. உட்கார இடமில்லை. கம்பெனிக்கு ஒரு மணி நேரப் பாதை.

எதிரே டீக்கடையில் மாஸ்டர். கையில் டம்ளர். வேனைப் பார்க்காதவர் மாதிரி நின்றார். பிறகு இடது காதைத் தொட்டார்.

கொசுவாகக்கூட இருக்கலாம்.

ஜன்னலோரத்தில் இருந்தவள் எழுந்தாள்.

பூங்கொடி உட்கார்ந்தாள்.