மூன்று ஸ்விட்ச்

போனைத் தர மாட்டேன் என்று மப்ரூக்கா மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

துனீசியாவின் மொனாஸ்திர் நகரில், வக்கீல் லஸ்ஸாத்தின் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி யார் வந்தாலும் முதலில் போன் ஃபிரிட்ஜுக்குள் போகும், ஹரிஸ்ஸா மிளகாய் விழுது டப்பாவுக்குப் பக்கத்தில். போன் ஒட்டுக் கேட்கும். ஃபிரிட்ஜ் கதவைத் தாண்டிக் கேட்காது என்பது அவர்கள் கணக்கு.

ஜீன்ஸ் சலவை ஆலையில் பாய்லர் வெடித்து இரண்டு பேர் செத்து எட்டு மாதம் ஆகிறது. அன்று காலை நீராவியை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வைத் திறக்காதபடி கம்பியால் கட்டி வைத்திருந்ததைப் பார்த்த ஒரே ஆள் மப்ரூக்கா. அவளும் மகனும் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகும் முன் விஷயம் முதலாளி காதுக்குப் போனால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். அவளுக்காகத்தான் இத்தனை பாடு, அதுகூடப் புரியவில்லையே என்று குமாஸ்தா ஹயாத்துக்கு எரிச்சல்.

மப்ரூக்கா மேஜைமேல் இருந்த லஸ்ஸாத்தின் போனைக் காட்டினாள். "அந்தப் போன் மட்டும் ஏன் வெளியே இருக்கு?"

லஸ்ஸாத்துக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

"அது லினக்ஸ் போன், சின்னம்மா. மூவாயிரம் தினார். பக்கவாட்டுல மூணு ஸ்விட்ச் இருக்கு பாருங்க, மைக்குக்கு, கேமராவுக்கு, நெட்டுக்குன்னு. மைக்கை அணைச்சா அணைஞ்சதுதான், எந்தக் கம்பெனியாலயும் திரும்பப் போட முடியாது. உள்ளே ஓடுற புரோகிராமை எப்படி எழுதியிருக்காங்கன்னும் யார் வேணாலும் படிச்சுப் பார்க்கலாம்."

"நீ படிச்சியா, மகனே?"

"நான் வக்கீல். தெரிஞ்சவங்க படிப்பாங்க."

"அவங்களை உனக்குத் தெரியுமா?"

ஹயாத் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த விலை அவளுடைய மூன்று மாதச் சம்பளம். மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும், பேங்க் ஆப்கூட ஓடாது.

"என் போன் நூறு தினார். அதை நம்பாம ஐஸ்ல வைக்கிறே. உன்னுதை மட்டும் நான் நம்பணும்" என்றாள் மப்ரூக்கா. "ரெண்டையும் வை. பேசறேன்."

லஸ்ஸாத் முகம் சுருங்க, இரண்டையும் எடுத்துக்கொண்டு போனான். ஃபிரிட்ஜைத் திறந்தவன் அதன் வெளிச்சத்தில் அப்படியே நின்றுவிட்டான்.

அவன் அணைத்திருந்தது கேமராவை. மைக் ஓடிக்கொண்டிருந்தது.

வேறு யாரும் பார்க்கவில்லை. பேசாமல் கதவைச் சாத்தினால் வாக்குமூலம் கிடைக்கும். சொன்னால் இவள் எழுந்து போய்விடுவாள். கேஸும் அத்தோடு போகும்.

இரண்டையும் உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"சின்னம்மா, தப்பான ஸ்விட்சை அணைச்சிருக்கேன். நீங்க உள்ளே வரும்போது பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அப்போ மைக் ஓடிக்கிட்டு இருந்தது. யாராவது கேட்டாங்களா, எனக்குத் தெரியாது. இன்னிக்கு வேண்டாம்னா கிளம்புங்க."

ஹயாத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மப்ரூக்கா எழுந்தாள். நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"வந்ததுலேருந்து நான் நம்பற மாதிரி நீ சொன்னது இது ஒண்ணுதான். எழுதிக்கோ."