மெர்வினுக்கு வந்த சோறு

"பிள்ளைக்கு வந்த சோத்தைப் பெத்த தாயே திங்கா டீச்சர். நேத்து இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

ஆட்டோவை ஓட்டிக்கொண்டே அருணாசலம் சொன்னதும் பிரியதர்ஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரு அண்ணாச்சி? மெர்வினோட அம்மாவா?"

"அவளேதான். அமலோற்பவம். இப்பல்லாம் வீட்டுப்பக்கம் வர விடாம ரோட்டுக்கே வந்திருதா, நேத்தும் வந்து தூக்குவாளியை வாங்கிக்கிட்டா. நான் அடுத்த ஊருக்குப் போய் அந்த இன்னொரு பையன் சிவகணேஷுக்குக் குடுத்துட்டுத் திரும்புதேன், வாய்க்கால் கரையில மருதமரத்து மூட்டுல உக்காந்து முட்டையைப் பிட்டுப் பிட்டு வாயில போடுதா. இதுக்கா நான் வெயில்ல ஓடுதேன்?"

பிரியதர்ஷினி சிறப்பாசிரியை. பள்ளிக்கூடத்துக்கு வரமுடியாத மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வீடு தேடிப்போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை. சீவலப்பேரிப் பக்கம் மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

வகுப்பில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்குச் சத்துணவு உண்டு. வீட்டில் படுத்தபடி படிக்கிற பிள்ளைக்கு மட்டும் வயிறு இல்லையா என்று கேட்டுக் கேட்டு, முன்பிருந்த டீச்சர் வாங்கிக்கொடுத்த ஏற்பாடு இது. பள்ளிக்கூடத்தில் சமைத்த சாப்பாடு அருணாசலத்தின் ஆட்டோவில், தூக்குவாளியில் வீட்டுக்கே வந்துவிடும்.

மெர்வினை அவள் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு தடவை போன் செய்தாள். இரண்டு தடவையும், "இந்த வாரம் வேண்டாம் டீச்சர்" என்று அமலோற்பவம் தட்டிக்கழித்துவிட்டாள்.

அதற்கு அர்த்தம் இப்போதல்லவா புரிகிறது!

"நான் வந்திருக்கேன்னு சொல்லாதீங்க அண்ணாச்சி. சாப்பாட்டைக் குடுத்துட்டு நீங்க பாட்டுக்குப் போங்க" என்று சொல்லி, ஊருக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டாள்.

அருணாசலம் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. மருதமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு அமலோற்பவம் தின்றுகொண்டிருந்தாள். மடியில் தக்காளிச் சோற்றின் பருக்கைகள்.

"நல்லா இருக்கா?"

நிமிர்ந்தவளுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"டீச்சர்..."

"நடக்க முடியாத பிள்ளை அங்கன பசியோட கிடக்கும். நீங்க இங்கன உக்காந்து சாப்பிடுதீங்க. உங்களுக்கு இது இறங்குதா?"

"இறங்கல டீச்சர்" என்றாள் அவள் மெதுவாக.

"எந்திரிங்க. நான் மெர்வினைப் பாக்கணும்."

"இன்னைக்கு வேண்டாம்..."

"இப்பவே பாக்கணும். உங்க மேல புகார் எழுதத்தான் போறேன்."

அமலோற்பவம் தூக்குவாளியை மூடி எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள்.

ஒற்றை அறை வீடு. புருஷன் தூத்துக்குடியில் விசைப்படகில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். சுவரோரம் சக்கர நாற்காலி மடித்துச் சாத்தியிருந்தது. கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருந்தது.

மேலே, மாதா படத்துக்குப் பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கிற ஒரு பையன். படத்துக்கு மாலை போட்டிருந்தது. கீழே மெழுகுதிரி.

பிரியதர்ஷினி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போ?"

"இருவத்தாறு நாளாச்சு. வலிப்பு வந்துச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேக்கதுக்குள்ள..."

அடுத்த கணமே பிரியதர்ஷினிக்கு நெஞ்சு கொதித்தது. "அப்போ இருவத்தாறு நாளா, செத்த பிள்ளை பேரைச் சொல்லியா சோறு வாங்குனீங்க? கை கூசலையா உங்களுக்கு?"

"கூசுது டீச்சர். தினமும் கூசுது. சாப்பிடாமத் திருப்பிக் குடுத்தா டிரைவர் அண்ணாச்சி என்ன ஏதுன்னு கேப்பாரு. கொட்டலாம்னா மனசு வரல, அவன் பேருக்கு வந்த சோறு. வீட்டுல வச்சுச் சாப்பிட்டா அவன் படத்துல இருந்து பாக்கான். அதான் வாய்க்கால் கரைக்குப் போயிருதேன்."

"அப்படி என்னத்துக்கு வாங்கணும்? பிள்ளை போயிட்டான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு!"

"முடிஞ்சுதான் போவும் டீச்சர்." அமலோற்பவம் தலையைக் குனிந்துகொண்டாள். "இந்த வழியில ரெண்டு பிள்ளை இருந்தாத்தான் ஆட்டோ விடுவோம், ஒத்தப் பிள்ளைக்காகவெல்லாம் விட முடியாதுன்னு ஏற்பாடு பண்ணும்போதே சொல்லிட்டாங்க. இங்கன மெர்வின், அடுத்த ஊர்ல சிவகணேஷ். ரெண்டே பேருதான். என் பிள்ளை இல்லன்னு நான் சொன்னா மறுநாளே வண்டி நின்னுரும்."

பிரியதர்ஷினி மடித்துச் சாத்தியிருந்த சக்கர நாற்காலியைப் பார்த்தாள்.

"சிவகணேஷுக்கு அப்பா கிடையாது. அவன் அம்மா வயல்ல நாத்து நடுகைக்குப் போனா பொழுது சாயத்தான் வருவா. அதுவரைக்கும் அவன் வயித்துக்கு இந்தத் தூக்குவாளிதான். கை கால் பயிற்சி முகாம்ல என் பையன்கூட ஒரே பாயில படுத்துக் கிடந்த பிள்ளை அது. என்னைத் திருடின்னு எழுதிக்கோங்க டீச்சர். ஆனா மெர்வின் பேரை மட்டும் அடிச்சிராதீங்க."

அடுத்த ஊருக்குப் போய்த் திரும்பிய ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அருணாசலம் உள்ளே எட்டிப்பார்க்காமல், இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"கையும் களவுமாப் பிடிச்சீங்களா டீச்சர்? நாளையில இருந்து இங்கன நிறுத்த வேண்டாம்லா?"

பிரியதர்ஷினி முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினாள்.

"நாளைக்கும் கொண்டாங்க அண்ணாச்சி. நான் பாத்துட்டேன். மெர்வின் நல்லா சாப்பிடுதான்."