உடம்பு வாகு

மீன் சந்தையில் திரியும் பூனை பொம்மிக்கு வயிறு தரையைத் தொடும். ஒரே ஈற்றில் ஒரு நொடி முந்திப் பிறந்த அக்கா மிங்கி, அடுக்குமாடி வீட்டில் வளர்கிறவள். எப்போது வந்தாலும் அந்த வயிற்றைத்தான் பார்ப்பாள்.

"என்னைப் பாருடி. நாள் முழுக்க சோபாவுல படுத்துக்கிட்டு டப்பா தீனிதான் திங்கிறேன். ஒரு சுத்துகூடக் குண்டாகல."

"எனக்கு அம்மாவோட உடம்பு வாகு, அக்கா. அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. தினமும் மீன் வண்டி பின்னாடி ஓடுறேனே, அது போதும்."

அப்போது ஒரு நாய் பாய்ந்து வந்தது. பொம்மி ஒரே தாவலில் மதிலின் உச்சிக்குப் போய்விட்டாள். மிங்கி பாதி உயரத்திலேயே சறுக்கினாள். பொம்மி குனிந்து அவள் பிடரியைக் கவ்வி மேலே இழுத்துப் போட்டாள்.

மிங்கிக்கு வெகுநேரம் மூச்சு வாங்கியது. அது அடங்கியதும் தங்கையின் வயிற்றைப் பார்த்தாள்.

"இருந்தாலும் நீ கொஞ்சம் இளைக்கணும்டி."