பொற்கொடி என்று மூன்று முறை

நாத்தனார் மூன்றாவது முறையும் சொல்லி முடித்தாள்.

பொற்கொடி.

என்ன அழகாக வந்தது அந்தப் பெயர், வடிவின் வாயிலிருந்து! தடங்கல் இல்லை, தயக்கம் இல்லை. வாழைப்பழத்தை உரித்த மாதிரி.

அத்தைக்காரி சொன்ன பிறகு பெற்றவள் சொல்ல வேண்டும். அதுவும் மூன்று முறை, பிள்ளையின் காதுக்குள். நாலாம் மாதம் பெயர் வைக்கும்போது அந்த வீட்டு வழக்கம் அப்படி.

பெற்றவளுக்குத் திக்குவாய்.

எல்லா எழுத்தும் திக்காது. 'க'வும் 'ப'வும்தான் பகையாளிகள். மற்றவை ஏதோ அனுசரித்துப் போகும். அவளும் அனுசரித்தே காலம் தள்ளிவிட்டாள். கத்திரிக்காய் வாங்கப் போய் வெண்டைக்காயோடு திரும்புவாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டியவள் மார்க்கெட்டுக்கு டிக்கெட் எடுத்து, இறங்கி வெயிலில் நடப்பாள். கடைக்காரருக்கும் கண்டக்டருக்கும் இன்றுவரை ஒன்றும் தெரியாது. கணவனுக்கு ஆவுடையப்பன் என்று பெயர் வைத்தாரே, அந்த மட்டில் மாமனாருக்குக் கோடி புண்ணியம்.

அந்த ஆவுடையப்பன்தான் பிள்ளைக்கு 'அ'விலும் 'ஆ'விலும் பெயர் தேடினான். அமுதா, ஆதிரை என்று ஆரம்பித்து ஆவுடையம்மாள் வரைக்கும் வந்துவிட்டான். எல்லாம் அவளுக்காகத்தான். அது அவளுக்கும் தெரியும்.

ஒருநாள் அவள் வாய் திறந்தாள். முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள், பொன்னியா, பொன்மணியா என்று அவன் முந்திக்கொண்டான். இல்லை, இல்லை என்று தலையாட்டி, வியர்த்து, ஒருவழியாகச் சொல்லியே விட்டாள்.

பள்ளி நாளிலிருந்து மனதுக்குள் வைத்திருந்த பெயர். மனதுக்குள் சொல்லும்போது அவளுக்குத் திக்கியதே இல்லை.

வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. வெளியூர் போனால் யார் வாயிலும் நுழையாது என்றான் கொழுந்தன். மாமியார் மட்டும் உள்ளதைப் போட்டு உடைத்தாள்.

"ஊரு தப்பாச் சொன்னா சொல்லிட்டுப் போவுது. பெத்தவளே திக்கித் திக்கிக் கூப்பிட்டா, பிள்ள தன் பேரையே அப்படித்தான படிக்கும்?"

அவளுக்கும் அதே பயம்தான்.

ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. காய்கறியில் விட்டுக்கொடுத்தாயிற்று. இறங்குகிற இடத்தில் விட்டுக்கொடுத்தாயிற்று. பெற்ற பிள்ளைக்குமா வாய்க்கு வசதியான பெயர்?

இப்போது கூடம் நிறைய ஆட்கள்.

வடிவு பிள்ளையை அவள் மடிக்கு மாற்றினாள். காதோரம் மறைப்பாகப் பிடிக்கிற வெற்றிலையைக் கையில் கொடுத்தாள். அப்படியே குனிந்து, மெதுவாகச் சொன்னாள்.

"மதினி, நான்தான் சொல்லிட்டம்லா. நீங்க சும்மா உதட்ட அசைங்க, போதும். யாருக்குத் தெரியப்போவுது?"

வடிவுக்கு நல்ல மனசு.

அசைத்திருக்கலாம். இத்தனை வருஷமாக அந்த மாதிரித்தானே சமாளித்துக்கொண்டிருந்தாள்.

வெற்றிலையைப் பிள்ளையின் காதருகே பிடித்தாள். குனிந்து வாயை வைத்தாள்.

ப்.

நின்றுவிட்டது.

ப். ப்.

கழுத்து நரம்பு புடைத்தது. யாரோ இருமினார்கள். எதிரே ஆவுடையப்பன், அவளுக்குப் பதிலாகத் தன் உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றான். மாமியார் சுவரைப் பார்த்தாள். பெற்றவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகை முட்டியது. இதற்குத்தானா இத்தனை பிடிவாதம் என்று தன்மீதே கோபம் வந்தது.

ப். ப். ப்.

ஒவ்வொன்றுக்கும் மூச்சுக்காற்று பட்டு வெற்றிலை துடித்தது. அதன் நுனி பிள்ளையின் காது மடலை உரசியது.

பிள்ளை காலை உதைத்தது. தலையைத் திருப்பி அவள் வாயைத் தேடியது. பிறகு, பல்லில்லாத ஈறு தெரிய, கூடமே கேட்கும்படி சிரித்தது.

வடிவு மூன்று முறை சொன்னபோதும் அது சும்மாதான் படுத்திருந்தது.

அவளுக்குத் தொண்டை இளகியது. மிச்சப் பெயரும் மெல்ல வந்து சேர்ந்தது.

இன்னும் இரண்டு முறை சொல்ல வேண்டும்.

அவள் அவசரப்படவில்லை.