சத்தம் ஆகாத விருந்தாளி

"திங்கக்கிழமையிலேர்ந்து ஒரு வாரம் இந்த ரோட்டுல ஒரு சத்தம் வரக்கூடாது!" என்று கைகளை விரித்தபடி நடுரோட்டில் நின்றாள் அயாந்தி.

மினிபஸ் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. உள்ளே ஓடிய பாட்டுக்கு ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ, யாரு செத்தது?" என்று பதறினாள் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த மெர்ல்.

"மொதல்ல எல்லாருக்கும் குட் மார்னிங் சொல்லு. அப்புறம் சண்டை போடு," என்றான் டிரைவர். கரீபியன் கடலில் இருக்கும் இந்தக் கேரியாகூ தீவில் சின்னப் பிள்ளைகூட அவனை இடி என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிக்கும் அன்றைக்குத்தான் வெளியே வரும். இங்கே பாதிப் பேர் கதை அப்படித்தான்.

"எல்லாருக்கும் குட் மார்னிங்," என்றாள் அயாந்தி கடுப்பாக. "இடி அண்ணே, என் விடுதிக்கு மொத ஆள் வர்றாரு. ரூம் கட்டினதுலேர்ந்து ஈ ஓட்டிட்டு இருக்கேன். இவரு சந்தோஷமா போனாத்தான் நாலு பேரு வருவாங்க. இல்லேன்னா கதவைச் சாத்திட்டு டிரினிடாட்டுல எவ வீட்டுலயாவது பாத்திரம் தேய்க்கப் போகணும்."

"அதுக்கு என் பாட்டு என்ன பண்ணுச்சு?"

"அவருக்கு பிரஷராம். டாக்டர் சத்தமே ஆகாதுன்னுட்டாராம். டொரோண்டோவுல இருக்கற மக புக் பண்ணியிருக்கா. மரம், கடல், தூக்கம், வேற ஒண்ணும் கூடாதாம். போனைக்கூடப் பிடுங்கி வெச்சுக்கச் சொல்லிட்டா."

"மகளா அது? ஜெயிலரு!" என்றான் இடி. பஸ்ஸே சிரித்தது. முன்சீட்டில் இருந்த அவன் மனைவி ஓர்லா மட்டும், "அவ சொல்றதக் கொஞ்சம் கேளேன்," என்றாள்.

"அப்ப என் சேவல் வாயையும் கட்டணுமா?" என்றாள் மெர்ல்.

"அதை உன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பு அக்கா. பாதிரியார்கிட்ட மணியை மெதுவா அடிக்கச் சொல்லிட்டேன். படகு கட்டறவங்க மத்தியானத்துக்கு மேல சுத்தியலைத் தொடமாட்டோம்னு சொல்லிட்டாங்க. இடி அண்ணன் ஒருத்தர்தான் பாக்கி."

"சரி, அந்தாளுக்கு என்னதான் ஏற்பாடு பண்ணியிருக்கே?" என்றான் இடி.

"காலையில வடக்கு மலைக் காட்டுல நடை. மத்தியானம் மரத்தடியில வலைத்தொட்டில். பொழுது சாஞ்சா ஆமை கரையேறறதைப் பாக்கறது."

"பிரஷர்காரனை மலையேத்துவியா? உனக்கு மண்டைல ஏதாச்சும் இருக்கா?" இடி இன்ஜினையே அணைத்துவிட்டான். பாட்டு மட்டும் ஓடியது. "பாதி வழியில விழுந்தா யாரு தூக்கறது? கடலோரமா நடக்கவிடு. மொத ரெண்டு நாள் அதுவும் வேணாம், சும்மா தூங்கட்டும். உப்புமீன் கண்ணுலயே காட்டாதே. கலலூ கீரைல சூப் வெச்சுக் குடு."

"எவ்வளவு அக்கறை பாரு!" என்றாள் மெர்ல். "அப்படியே போய்ப் பக்கத்துல உக்காந்து விசிறி விடு."

அயாந்தி முகம் மலர்ந்தது. "அப்ப பாட்டை நிறுத்திடுவீங்கல்ல அண்ணே?"

"அது மட்டும் நடக்காது. பாட்டு இல்லாம எனக்குக் கியரே விழாது. திங்கக்கிழமை விடியறப்ப உன் வாசல்லயே ஹாரன் அடிச்சு அந்தாளை எழுப்பறேன். வாரம் முடியறதுக்குள்ள ரோட்டுல ஆடவிடறேன், பாக்கறியா?"

அயாந்திக்குக் கண் கலங்கிவிட்டது. "விளையாடாதீங்க அண்ணே. இது போச்சுன்னா எனக்கு வேற வழியே இல்ல."

பஸ்ஸுக்குள் சிரிப்பு அடங்கியது. "பொட்டப்புள்ளைய அழவெச்சிட்டியே," என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது.

இடிக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. "சரி சரி, மூக்கைத் தொடை. டொரோண்டோக்காரங்கன்னா நம்ம ஆளுங்கதானே? யாரு, என்ன பேரு? நானே பேசி அந்தாளைச் சரிக்கட்டறேன்."

அவள் போனில் தேடிப் படித்தாள். "அல்ஜெர்னன் மக்லாரன்."

"அப்படி ஒருத்தன நான் கேள்விப்பட்டதே இல்லையே," என்றாள் மெர்ல். பின்சீட்டுக்காரர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

இடி கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினான். மெல்லத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தான்.

ஓர்லா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"உன் துணியெல்லாம் நேத்தே எடுத்து வெச்சுட்டேன்."