இடப்பக்கம் உட்கார்ந்தவர்

“மாட்டை எந்தப் பக்கம் உக்காந்து கறக்கணும்னே தெரியாத பொண்ணு. இவளைப் போய் நம்ம ஊர்ச் சுவத்துல படம் போட அனுப்பியிருக்காங்க பாருங்க.”

தீவனக் கடை கிளெம் ஹேவர்கேம்ப் சொன்னதும் தபாலாபீஸ் கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால், முக்காலியில் காலை வைத்தபடி தபால்தலை கிழித்துக்கொண்டிருந்த நானும் சிரித்தேன்.

வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய வருஷங்களில்தான் அரசாங்கம் எங்கள் அயோவா ஊருக்கு இந்தச் செங்கல் தபாலாபீஸைக் கட்டிக்கொடுத்தது. பளிங்குத் தரை, பித்தளைப் பெட்டிகள். அதுவரை கிளெம் கடைப் பின்கட்டில்தான் தபால் பிரித்தோம். போஸ்ட்மாஸ்டர் அறைக் கதவுக்கு மேலே ஊர்க் காட்சி ஒன்று வரைய, எஸ்தர் என்ற பெண்ணையும் அனுப்பியிருந்தார்கள்.

மூன்று மாதம் வரைந்தாள். ஒரு விவசாயி முக்காலியில் உட்கார்ந்து மாடு கறக்கிறார். ஆனால் மாட்டுக்கு இடப்பக்கம். எங்கள் ஊரில் யாரும் அப்படி உட்கார மாட்டார்கள்.

கிளெம் ஓர் உறையை ஜன்னலில் வைத்தார். “வாஷிங்டனுக்கு. படத்தைச் சுரண்டி எடுக்கச் சொல்லி நாப்பத்திரண்டு பேர் கையெழுத்து. மத்தியான ரயில்ல போயிடணும்.”

எஸ்தர் சாரத்திலிருந்து இறங்கி வந்தாள். “பக்கம்தான் பிரச்சினைன்னா மாத்திடறேன் ஐயா. ஆளை அப்படியே வலப்பக்கம் உக்கார வெச்சிடறேன். ரெண்டு நாள் வேலைதான்.”

“ஆளே வேண்டாம்.”

“ஏன்? மூஞ்சி சரியா வரலையா?”

கிளெம் உறையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

போஸ்ட்மாஸ்டர் டெஸ்மர் அம்மா வந்து உறையை எடுத்து எடை போட்டார். “கிளெம், அந்தச் செவலை மாடு இன்னும் உதைக்குதா?”

“கிட்டவே விடமாட்டேங்குது. போன வாரம் வாளியோட என்னையும் தள்ளிடுச்சு.”

“எந்தப் பக்கம் உக்கார்றீங்க?”

“வலப்பக்கம்தான். வேற எந்த...” வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“படத்துல இருக்கிற நெல்ஸ் இடக்கைக்காரர். அவர் மாட்டுக்கு இடப்பக்கம்தான் பழக்கம்” என்றாள் எஸ்தர். “ஏலத்துக்கு முந்தின வாரம் அவர் தொழுவத்துல உக்காந்து பார்த்து வரைஞ்சது இது. இந்த ஊர்ல அவருக்குன்னு இப்ப மிச்சம் இருக்கிற இடம் இந்தச் சுவர்தான்.”

நெல்ஸ் பண்ணையைக் கடனுக்காக வங்கி ஏலம் விட்ட அன்று ஊரே அங்கேதான் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பியவரும் இல்லை. கிளெமுக்கு அந்தச் செவலை மாடு. மறுவாரம் நெல்ஸ் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டார். படத்தில் இருப்பது அவர்தான் என்று நாற்பத்திரண்டு பேருக்கும் முதல் நாளே தெரியும்.

கிளெம் உறையைத் திரும்ப வாங்கிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு வெளியே போனார்.

அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. ஏலத்தில் எனக்குக் கிடைத்தது முக்காலி. அதன் மேலிருந்து மெதுவாகக் காலை எடுத்தேன்.